கழுவினால் போகும் மருந்தும் கழுவினாலும் போகாத மருந்தும்

கத்திரிக்காயோ கொத்தமல்லியோ வாங்கி வந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது கழுவுவதுதான். குழாயைத் திறந்து ஒருமுறை அலசி எடுப்பவர்கள் உண்டு. உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வைப்பவர்கள் உண்டு. வினிகர், சமையல் சோடா, புளிக்கரைசல், கடையில் பாட்டிலில் விற்கும் கழுவு திரவம் என்று வழிகள் பல. எப்படிக் கழுவினாலும் மனத்தில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: வயலில் அடித்த மருந்து இதில் போய்விடுமா?

2015-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை, தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் அதிகமாக இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டு அரசு அதை மறுத்தது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு கறிவேப்பிலையைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் பல குடும்பங்களுக்கு வந்துவிட்டது. இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பயந்தால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது. ஒரு வேதிப்பொருளைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டுப் பழக வேண்டும். அது எங்கே தங்கியிருக்கிறது? எந்த வழியாக உடலுக்குள் வருகிறது? வந்தபின் எவ்வளவு காலம் இருக்கிறது? இவற்றுக்கு விடை தெரிந்தால், ஒரு குடும்பம் தன் காசையும் உழைப்பையும் எங்கே செலவிட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மேலே ஒட்டியது, உள்ளே ஊறியது

மாங்காய்த் துண்டின் மேல் உப்பைத் தூவி உடனே தண்ணீரில் அலசினால் உப்பு போய்விடும். அதே துண்டு ஊறுகாய் ஜாடியில் ஒரு மாதம் கிடந்தபின் எத்தனை முறை அலசினாலும் உப்புக் கரிக்கும். பூச்சி மருந்துகளிலும் இந்த இரண்டு வகை உண்டு.

முதல் வகைக்குத் தொடு நஞ்சு என்று பெயர். இலையின் மேலும் காயின் மேலும் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, அதைத் தொடுகிற பூச்சியையோ பூஞ்சாணத்தையோ கொல்லும். தக்காளி, உருளைக்கிழங்கு, திராட்சைப் பயிர்களில் பூஞ்சாண நோய்க்கு அடிக்கும் மான்கோசெப் இந்த வகை. இரண்டாவது வகை ஊடுருவும் நஞ்சு. இமிடாகுளோப்ரிட், அசிபேட், மோனோகுரோட்டோபாஸ் போன்றவை செடிக்குள் உறிஞ்சப்பட்டு, அதன் சாற்றோடு சேர்ந்து ஓடும். அசுவினியும் வெள்ளை ஈயும் இலையின் அடியில் ஒளிந்துகொண்டு சாற்றை உறிஞ்சுபவை. மேலே தெளிக்கும் மருந்து அவற்றைத் தொடாமலே போகலாம். சாற்றிலேயே மருந்து இருந்தால் தப்பிக்க வழியில்லை. மழை பெய்தாலும் மருந்து கரைந்து ஓடாது. விவசாயிக்கு வசதியாக இருக்கும் இந்தக் குணம்தான் சமையலறையில் நமக்குத் தலைவலியாகிறது.

கழுவுவது பற்றி ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தார் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காய்கறி, பழங்களை வெறும் குழாய்த் தண்ணீரில் அலசி, அலசுவதற்கு முன்னும் பின்னும் எச்சத்தை அளந்தார்கள். 12 பூச்சிக்கொல்லிகளில் 9 குறைந்திருந்தன. தண்ணீரில் நன்றாகக் கரையும் மருந்துதான் நன்றாகப் போகும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். கரையும் தன்மைக்கும் போகும் அளவுக்கும் அங்கே தொடர்பு தெரியவில்லை. தோலின் மேல் துகளாக ஒட்டியிருக்கும் மருந்தை, ஓடும் தண்ணீர் கரைத்து எடுப்பதைவிட உரசித் தள்ளுகிறது என்பதே அந்த ஆய்வாளர்கள் கண்டது. இதற்கென்றே விற்கும் கழுவு திரவங்கள் குழாய்த் தண்ணீரைவிட மேலாக வேலை செய்யவில்லை என்பதையும் அதே நிலையத்தார் சோதித்துச் சொன்னார்கள்.

2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஆப்பிள்களின் மேல் இரண்டு மருந்துகளைப் பூசி ஒரு நாள் விட்டுவைத்தார்கள். ஒன்று தையபெண்டசோல் என்ற ஊடுருவும் பூஞ்சாணக்கொல்லி. மற்றது பாஸ்மெட் என்ற தொடு நஞ்சு. பிறகு மருந்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். அதற்குக் கைகொடுத்தது, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த விளைவு. ஒவ்வொரு மூலக்கூறும் தன்மேல் விழும் ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் சிதறடிக்கும். மிக நுண்ணிய தங்கத் துகள்களைத் தோலில் இட்டு லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அந்தச் சிதறல் பன்மடங்கு பெருகும். எந்த மருந்து, எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அதிலிருந்து படித்துவிடலாம்.

தையபெண்டசோலில் 20 சதவீதம் ஆப்பிளின் உள்ளே இறங்கியிருந்தது. பாஸ்மெட்டில் 4.4 சதவீதம் மட்டுமே இறங்கியிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கலந்த கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது, மேலே இருந்தது போய்விட்டது. சோடா காரத்தன்மை உள்ளது. அது இந்த மருந்துகளின் மூலக்கூறுகளை உடைக்கிறது. உள்ளே இறங்கியதை மட்டும் அதனால் தொட முடியவில்லை. தோலைச் சீவினால் அதில் பெரும்பகுதி போகும். தோலில் இருக்கும் நார்ச்சத்தும் அதோடு போய்விடும்.

நமக்கு அருகில், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி நச்சு எச்ச ஆய்வகத்தாரும் நம் சமையலறைப் பொருள்களைச் சோதித்து, புளிக்கரைசலில் ஊறவைத்துப் பின் நல்ல தண்ணீரில் அலசும் முறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஆகவே முதல் கேள்விக்கு விடை இது: மேலே இருப்பது போகும். ஓடும் தண்ணீரும் கைவிரலின் தேய்ப்பும் அதில் பெரும்பகுதியைப் போக்கிவிடும். சோடாவோ புளியோ சேர்த்தால் இன்னும் நல்லது. சோப்பு வேண்டாம், அதைக் காய் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஊறியதைக் குறைக்க வேண்டுமானால் சமையலறையை விட்டு வயலுக்குத்தான் போக வேண்டும்.

காத்திருப்புக் காலம்

செடிக்குள் போன மருந்து என்றென்றும் அங்கே இருப்பதில்லை. வெயிலும் செடியின் நொதிகளும் அதை நாளுக்கு நாள் உடைக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு மருந்துக்கும் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள் விட வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. இதுதான் காத்திருப்புக் காலம். அந்த நாள்கள் கடந்துவிட்டால் எச்சம் சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் வந்துவிடும்.

நெல்லுக்கு இது எளிது. ஒரே அறுவடை, கடைசி வாரங்களில் தெளிக்காமல் இருந்தால் போதும். வெண்டைக்காயையும் கத்திரிக்காயையும் பச்சை மிளகாயையும் எண்ணிப் பாருங்கள். ஒரே செடியில் பூவும் பிஞ்சும் காயும் சேர்ந்து இருக்கும். ஓரிரு நாள் பறிக்காமல் விட்டால் வெண்டை முற்றிப்போகும். இன்று மருந்து அடித்துவிட்டு நாளை மறுநாள் பறிக்க வேண்டிய கட்டாயம் விவசாயிக்கு வந்துவிடுகிறது. கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லியில் நாம் உண்பது தெளிப்பு நேராகப் படியும் இலையையே. எடைக்குப் பரப்பும் அதிகம். ஆகவே தொடர்ந்து பறிக்கும் காய்கள், இலைகள், தோலோடு தின்னும் பழங்கள் ஆகிய மூன்றிலும் கவனம் கூடுதலாக வேண்டும். சேனை, பூசணி, வெங்காயம் போன்று மண்ணுக்குள் விளைவதும் தடித்த தோலை நீக்கிச் சமைப்பதும் பொதுவாகக் குறைந்த கவலைக்கு உரியவை.

எவ்வளவு இருந்தால் தீங்கு?

நஞ்சா மருந்தா என்பதை அளவுதான் தீர்மானிக்கிறது என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சஸ் சொன்னார். இன்றைய வரம்புகளின் அடிப்படையும் அதுவே. ஒரு மருந்தை விலங்குகளுக்கு நீண்ட காலம் பல அளவுகளில் கொடுத்து, எந்த அளவு வரை எந்தப் பாதிப்பும் தெரியவில்லை என்று பார்க்கிறார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காக அதில் பத்தில் ஒரு பங்கு. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்தில் ஒரு பங்கு. ஆக நூறில் ஒரு பங்கு, ஏற்கத்தக்க தினசரி அளவு ஆகிறது. உணவில் இருக்கலாம் என்று சட்டம் சொல்லும் உச்ச எச்ச வரம்பு, மருந்தை முறையாகத் தெளித்தால் எவ்வளவு எச்சம் மிஞ்சும் என்பதை வைத்து, தினசரி அளவைத் தாண்டாதபடி வகுக்கப்படுகிறது. வரம்பைக் கொஞ்சம் மீறிய ஒரு வெண்டைக்காய் உடனே நோயைத் தராது. ஆனால் வயலில் விதி மீறப்பட்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

இந்தக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. வரம்புகள் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக வகுக்கப்படுகின்றன. நம் தட்டிலோ பல மருந்துகளின் எச்சம் சேர்ந்து வருகிறது. குழந்தைகள் தங்கள் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகம் உண்கிறார்கள், அதிகம் மூச்சு விடுகிறார்கள். அவர்கள் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. குறைக்க முடிந்ததைக் குறைப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஐந்து நாளில் தெரிந்த மாற்றம்

இயற்கை விளைபொருளுக்கு மாறினால் உண்மையிலேயே உடலில் வேறுபாடு தெரியுமா? அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 3 முதல் 11 வயது வரையான 23 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஆய்வு 2006-இல் வெளியானது. முதல் 3 நாள் வழக்கமான உணவு. அடுத்த 5 நாள் அதே வகை உணவு, ஆனால் இயற்கை முறையில் விளைந்தது. பிறகு மீண்டும் வழக்கமான உணவு. ஒவ்வொரு நாளும் சிறுநீரை எடுத்து, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் என்ற இரண்டு பூச்சிக்கொல்லிகள் உடலில் சிதைந்து வெளியேறும் பொருள்களை அளந்தார்கள். உணவு மாறியதும் அவை கருவியால் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கின. பழைய உணவு திரும்பியதும் அவையும் திரும்பின.

மூன்றாவது கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. இந்த வகை மருந்துகள் உடலில் சில நாள்களே தங்கும். வருவதை நிறுத்தினால் இருப்பதும் போய்விடும். விவசாயத்தில் 1989-இலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்ட டிடிடி அப்படி இல்லை. கொழுப்பில் கரைந்து பல ஆண்டுகள் தங்கும். ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் இருக்கும். போகாத பொருளை உள்ளே விடாமல் காப்பது ஒன்றே வழி. போகிற பொருளுக்கு இன்று தொடங்கினாலும் பலன் உண்டு.

எச்சம் குறைவதால் நோயும் குறையுமா என்பதில் அறிவியல் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிரான்சில் ஏறக்குறைய 69,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான ஆய்வு, இயற்கை விளைபொருளை அதிகம் உண்டவர்களிடம் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு என்றது. பிரிட்டனில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து 2014-இல் வெளியான ஆய்வில், மொத்தப் புற்றுநோயில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. காய்கறியும் பழமும் உண்பது நல்லது என்பதற்கோ சான்று மிக வலுவானது. எனவே மருந்துப் பயத்தில் காய்கறியைக் குறைப்பது எந்தக் கணக்கிலும் நட்டம்.

வீட்டுக்குள் நாமே அடிக்கும் மருந்து

எந்த வழியாக வருகிறது என்ற இரண்டாவது கேள்விக்கு உணவு மட்டும் விடை ஆகாது. அதே சியாட்டில் குழந்தைகளிடம் பைரித்ராய்டு என்ற இன்னொரு வகைப் பூச்சிக்கொல்லியையும் அளந்தார்கள். அதன் அளவைப் பெரிதும் கூட்டியது உணவைவிட, வீட்டுக்குள் பெற்றோர் அடித்த பூச்சி மருந்து. நம் வீடுகளில் கொசுவர்த்திச் சுருளிலும், சுவரில் செருகும் திரவத்திலும், கரப்பான் ஸ்ப்ரேயிலும் இருப்பது இதே குடும்பம்தான்.

சுருளில் மருந்தைவிடப் புகை பெரிய தீங்கு. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று காட்டியது. மரத்தூளும் தேங்காய் ஓட்டுத் தூளும் புகைந்து எரிவதால் வருவது இது. 'மூலிகைச் சுருள்' என்று எழுதியிருந்தாலும் புகை புகைதான். கொசுவலையும் ஜன்னல் வலையும் ஒருமுறைச் செலவு. மூடாத தண்ணீர்த் தொட்டியை மூடுவதற்கு அதுவும் இல்லை.

கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் நுரையீரலை உடனே தாக்கும். வாரந்தோறும் தேய்த்துக் கழுவும் கழிப்பறைக்கு இவை இரண்டும் அடிக்கடி தேவைப்படுவதில்லை. கிருமிநாசினி என்று விளம்பரமாகும் சோப்புகளும் அவசியமில்லை: சாதாரண சோப்பைவிட அவை மேலானவை என்று காட்ட முடியாததால், டிரைக்குளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைக் கை கழுவும், குளிக்கும் சோப்புகளிலிருந்து அமெரிக்கா 2016-இல் விலக்கியது.

துணி அலமாரியில் போடும் அந்துருண்டை நாளுக்கு நாள் கரைவது, அது திண்மத்திலிருந்து நேராக ஆவியாகி நம் மூச்சில் கலப்பதால்தான். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பச்சைக் குழந்தையின் துணியோடு அதை வைக்கவே கூடாது. துணியை நன்றாக வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தாலே போதும். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்குவதையும் விட்டுவிடலாம். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் இருக்கும் பொருள்கள் உணவுக்கு விரைவாக இடம் மாறும். தூக்குவாளி கொண்டுபோகும் பழக்கம் இதற்கு எல்லா வகையிலும் மேல்.

இயற்கை என்று எழுதியிருப்பதை எப்படி நம்புவது?

இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. அரளி விதையும் இயற்கைதான். வேப்ப எண்ணெய்க் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் போன்றவற்றை நம்பி நடக்கும் விவசாயத்தின் பலம், விரைவில் சிதையும் பொருள்களைப் பயன்படுத்துவதும், பூச்சியைத் தின்னும் பூச்சிகளை வயலில் வாழவிடுவதும்தான். கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் என்ற பண்ணையை அமைத்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தமிழ்நாட்டு விவசாயிகளிடம் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் இதையே.

பொட்டலத்தில் விற்கும் பொருளில் இயற்கை விளைபொருளுக்கான அரசு முத்திரையைப் பாருங்கள். ரசாயனத்தை நிறுத்திய உடனே எந்த நிலத்துக்கும் சான்று கிடைப்பதில்லை. ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டும், பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டும் நிலம் மாறுதல் காலத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை இதைச் செய்கிறது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறையும் உண்டு. நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயம் இல்லை; அவரிடம் சான்றுக்குப் பதில் கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது தெளித்தீர்கள், என்ன தெளித்தீர்கள், வயலை வந்து பார்க்கலாமா? உண்மையான விவசாயி மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

எல்லாவற்றையும் இயற்கை அங்காடியில் வாங்க எல்லோருக்கும் வசதி இருக்காது. அதற்குத் தேவையும் இல்லை. மாடியிலோ வாசலிலோ நான்கு தொட்டிகளில் கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் வைத்தால், அதிகக் கவனம் வேண்டிய பொருள்கள் பெரும் செலவில்லாமல் வீட்டுக்கே வந்துவிடும். கீரை, வெண்டை, கத்திரி, தக்காளி, திராட்சை ஆகியவற்றுக்கு முடிந்தபோது கூடுதல் விலை கொடுங்கள். மற்றவற்றை வழக்கம்போல் வாங்கித் தேய்த்துக் கழுவிச் சமையுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. சீசனுக்கு முன்பே வரும் மாம்பழத்தைத் தவிர்த்தால் அந்தத் தொல்லையும் பெருமளவு குறையும்.

யாருக்கு அதிக அளவு?

அளவே நஞ்சைத் தீர்மானிக்கிறது என்றால், இந்தச் சங்கிலியில் மிகப் பெரிய அளவு போவது யார் உடலுக்கு? நம் தட்டுக்கு வருவது எச்சம். வயலில் நிற்பவர் மூச்சிலும் தோலிலும் படுவது முழு மருந்து. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கேரளத்தின் காசர்கோட்டில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை முந்திரித் தோட்டங்கள் மேல் வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அடிவாரக் கிராமங்களின் குழந்தைகள் இன்றும் அதன் துயரைச் சுமக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது 2011-இல்தான்.

இயற்கை விளைபொருளுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலையின் முதல் பலன் நம் வயிற்றைவிட அந்த வயலில் வேலை செய்பவருக்கே சேர்கிறது. நம் குழந்தைக்குச் சில மைக்ரோகிராம் குறைகிறது. அவர் குழந்தைக்கு அப்பா அம்மாவின் உடல்நலம் மிஞ்சுகிறது. அடுத்த முறை சந்தையில் கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் கூடுதல் என்று ஓர் இயற்கை விவசாயி சொன்னால், பேரம் பேசாமல் வாங்குங்கள்.